எருக்கஞ்செடியில் மஞ்சள் துணி

கமலவேணி டீச்சர் பாடம் நடத்தினால் சத்தமே கேட்காது. அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் இருந்தது ஒரு மூங்கில் தட்டிதான். என் பிள்ளைகள் கத்தும் வாய்ப்பாடு முழுவதும் அந்தப் பக்கம் போகும். அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் வராது. எட்டிப் பார்த்தால் ஏழாம் வகுப்பு மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும். டீச்சரும் அவர்களில் ஒருத்தி மாதிரி கன்னத்தில் கைவைத்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

எண்பத்திரண்டில் கருவடிக்குப்பம் பக்கம் இருந்த அந்த நடுநிலைப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தேன். தவளக்குப்பத்துக்கு அப்பால் கரும்பு வெட்டிப் பிழைக்கும் எங்கள் வகையறாவில் பி.எஸ்சி. முடித்த முதல் ஆள் நான். அந்த மூன்று எழுத்தைச் சேர்க்காமல் அப்போது எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை. டீச்சருக்கு நாற்பது வயதிருக்கும். அப்பா மில்லில் நூல் பிரிவில் இருந்தவர். மில் சங்கு ஊதினால் எழுந்து, மறுபடி ஊதினால் சாப்பிட்டு வளர்ந்ததாகச் சொல்வார். கல்யாணம் கூடிவரவில்லை. ரெட்டியார்பாளையத்தில் தம்பி வீட்டோடு இருந்தார். பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலில் மெதுவாக, எதையோ மறந்துவிட்டு யோசித்துக்கொண்டே வருகிறவர் போல நடந்து வருவார். வழியில் எதைப் பார்த்தாலும் நின்றுவிடுவார். சுவரில் ஊரும் எறும்பு வரிசைக்காக அவர் மணியடித்த பிறகு வந்ததுண்டு.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார். "தம்பி, எத்தனையோ வருஷமா போர்டுல நாலு வட்டம் போடறேன். முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி. நடுவுல அம்புக்குறி. அந்தக் கடைசி அம்புக்குறியில இன்னா நடக்குதுன்னு நான் கண்ணால பாத்ததில்ல."

"புஸ்தகத்துல இருக்குமே டீச்சர்."

"புஸ்தகத்துலயும் அம்புக்குறிதான் போட்டிருக்கான்."

அந்த ஆடியில் அவர் தலைமையாசிரியர் ஜானகிராமனிடம் அனுமதி கேட்டார். பள்ளிக்குப் பின்னால் யாருக்கும் சொந்தமில்லாதது போலக் கிடந்த மணல் திடலில் எருக்கஞ்செடிகள் மண்டியிருந்தன. இலைகளில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வளையம் போட்ட புழுக்கள். இரண்டிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு செடி. அவர்களே பார்த்து, அளந்து, வரைந்து, 'உயிருள்ளவை' பாடத்தை அவர்களே எழுதிக் கொண்டுவர வேண்டும் என்பது திட்டம்.

"புஸ்தகத்துல ரெண்டு பக்கம். அதுக்கு ஒரு மாசமா?" என்றார் தலைமையாசிரியர்.

"புஸ்தகத்துல ரெண்டு பக்கம்தான் சார். செடியில அது அவ்ளோ நாள் எடுத்துக்குது."

"காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால முடியணும். முடிவு ஒண்ணு காட்டணும். இல்லன்னா பழையபடி நோட்ஸ் எழுதிப் போடுங்க. இந்தப் புழு பூச்சி வேலையெல்லாம் அத்தோட சரி. ஊர்ல சிரிப்பாங்கம்மா."

திடல் அன்று முதல் வேறு இடமாகிவிட்டது. கடல் காற்று வந்தால் எருக்கிலைகள் ஒரே நேரத்தில் சாம்பல் நிற முதுகைக் காட்டித் திரும்பும். அதற்கு நடுவில் பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து நூலால் புழுவின் நீளம் அளப்பார்கள். யாரும் கத்த மாட்டார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் ஏதோ தண்ணீருக்கடியில் நடப்பது போல இருக்கும். எருக்கம்பால் பட்ட கையைக் கண்ணில் வைக்காதே என்பது மட்டுமே டீச்சர் போட்ட சட்டம்.

அடையாளம் வேண்டுமே என்று புழு இருக்கும் செடிக்கெல்லாம் துணி கட்டினார்கள். மில் சாயப் பிரிவுத் தொழிலாளியின் மகன் கலியமூர்த்தி ஒரு பை நிறைய வேஸ்ட் துணி கொண்டுவந்தான். எல்லாம் மஞ்சள்.

புழுக்கள் தின்றன, கழித்தன, தோல் உரித்தன. பிறகு ஒவ்வொன்றாக இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கி, பச்சை மணி போல ஆகிவிட்டன. மேலே பொன் புள்ளிகள். அங்கேதான் வகுப்பு இரண்டாக உடைந்தது.

"உயிருள்ளது நகரும், தின்னும், வளரும்னு நாமதானே டீச்சர் எழுதினோம்," என்றான் கலியமூர்த்தி. "இது ஒண்ணும் பண்ணலியே. செத்துப்போச்சு."

"நீ தூங்கும்போதும்தான் ஒண்ணும் பண்ணமாட்ட. உன்னத் தூக்கிப் பொதைச்சிடலாமா?" என்றாள் அன்னக்கிளி.

"நான் மூச்சு விடுவேன்."

"குறட்டையே விடுவடா நீ!"

எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். சொல்லவில்லை. "எனக்கும் பாக்கணும். காத்திருப்போம்," என்றார். சுவரில் ஒட்டியிருந்த பெரிய தாளில் அந்தக் கேள்வி மட்டும் பதிலில்லாமல் நின்றது. அதற்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'மூன்றாம் செடியில் சிவப்புப் பொடி இருக்கிறது. காரணம் தெரியவில்லை.'

காரணம் பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள் தெரிந்தது. மதியம் திடலுக்குப் போன பிள்ளைகள் போன வேகத்தில் ஓடிவந்தார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது மஞ்சள் துணி கட்டிய செடி ஒன்றில்கூடப் பூவும் இல்லை, இலையும் இல்லை. மொட்டைக் குச்சிகள் பால் வடித்துக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே துணி கட்டாத செடிகள் பூவோடும் இலையோடும் அசைந்துகொண்டிருந்தன. அன்னக்கிளி அழ ஆரம்பித்தாள். வெட்டியது யாரென்று அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. அவள் அம்மா தனக்கொடி ஒவ்வொரு சதுர்த்திக்கும் எருக்கம்பூ மாலை கட்டி விற்பவள்.

தனக்கொடி கூடையோடு ஓடிவந்தாள்.

"சத்தியமா தெரியாது டீச்சரம்மா! மஞ்சத்துணி கட்டியிருந்துச்சே. யாரோ வேண்டிக்கினு கட்டின செடின்னு நெனச்சேன். குங்குமம்கூட வெச்சிருந்தாங்க. வேண்டுதல் செடிப் பூன்னா சும்மாவா? அத்த சொல்லிக் கூவித்தான் வித்தேன். ஒரு மாலை மிச்சமில்ல."

"மத்த செடியெல்லாம் அப்படியே நிக்குதேம்மா."

"அது வெறும் செடி டீச்சரம்மா."

எனக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டேன். டீச்சர் முகத்தில் கோபம் இல்லை. ஆனால் கை ஒரு மொட்டைக் குச்சியைப் பிடித்தபடியே இருந்தது. "இலையெல்லாம்?" என்று கேட்டார்.

"உருவி வாய்க்கால்ல போட்டுட்டேன். மாலைக்குக் கீழ குஞ்சம் வெப்போம் பாருங்க, அதுக்கு மட்டும் இலையோட ஒரு கொத்து."

வாய்க்கால் இலைகள் அதற்குள் கடலுக்குப் போயிருக்கும். குஞ்சங்கள்தான் மிச்சம். அவை ஊரெல்லாம் பிள்ளையார் கழுத்தில் தொங்கப்போகின்றன.

சதுர்த்தி அன்று மதியம் ஏழாம் வகுப்பு ஊருக்குள் இறங்கியது. தனக்கொடி யார் யாருக்கு விற்றோம் என்று யோசித்து யோசித்துத் தெருவைச் சொன்னாள். டீச்சரும் நானும் பின்னால் போனோம். வெயில் அன்று மஞ்சள் சுவர்களில் தேன் மாதிரி வழிந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு சாம்பிராணிப் புகை. ஒவ்வொரு வாசலிலும் பிள்ளைகள் நின்று, "உங்க பிள்ளையார் மாலையப் பாக்கணும்," என்பார்கள். கொழுக்கட்டைக்கு வந்த கூட்டம் என்று நினைத்து எல்லா வீட்டிலும் கையில் ஆளுக்கொன்று வைத்தார்கள். பிள்ளைகள் அதை வாயில் போட்டுக்கொண்டு, மண் பிள்ளையாரின் தொப்பைக்கருகே தலையைச் சாய்த்து குஞ்சத்துக்கு அடியில் பார்த்தார்கள். வெறும் இலை. அடுத்த வீடு. நசுங்கிய கூடு ஒன்று. அடுத்த வீடு. வெறும் இலை. பொழுது சாயும்போது மீதமிருந்தது ஒரே பெயர். பிள்ளைகள் அதுவரை வேண்டுமென்றே அந்தத் தெருப்பக்கம் போகாமல் இருந்தார்கள்.

தலைமையாசிரியர் வீட்டுக் கூடத்தில், மணைமேல், காகிதக் குடைக்குக் கீழே பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். குஞ்சத்தின் வாடிச் சுருண்ட இலைக்கு அடியில் பச்சை மணி தொங்கிக்கொண்டிருந்தது. பொன் புள்ளிகள் விளக்கு வெளிச்சத்தில் மின்னின.

அன்னக்கிளி கை நீட்டினாள். தலைமையாசிரியரின் மனைவி செல்வாம்பாள், "தொடாத!" என்றார். "சாமி மேல ஏறினத நடுவுல எடுக்கக் கூடாது. மூணாம் நாளு கடல்ல கரைக்கும்போது எல்லாம் சேந்துதான் போகும்."

"அதுக்குள்ள உயிர் இருக்குங்க," என்றாள் அன்னக்கிளி.

"இருக்கா இல்லியான்னு தெரியாது," என்றான் கலியமூர்த்தி, அப்போதும் விடாமல்.

தலைமையாசிரியர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். டீச்சர் அவரிடம் கெஞ்சவில்லை. "சார், இது ஒண்ணுதான் மிச்சம். மூணு நாள்ல வரும்னு என்னால சொல்ல முடியாது," என்று மட்டும் சொன்னார்.

தலைமையாசிரியர் பதில் சொல்வதற்குள் செல்வாம்பாள் குனிந்து இலைக்கு அடியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஏங்க, இதுக்குப் பொட்டு வெச்சது யாரு?" என்றார். யாரும் வைக்கவில்லை, அதுவாக வந்தது என்று அன்னக்கிளி சொன்னதும், "மூணு இல்லன்னா அஞ்சு. ஒத்தப்படையா இருந்தா சரி. அஞ்சாம் நாளு கரைச்சுக்கலாம்," என்றார்.

"அப்ப அஞ்சு நாளும் படையல் போடணுமேடி!"

"போடறது நானு. உங்களுக்கு இன்னா வலிக்குது?"

அப்படித்தான் உயிரியல் வகுப்பு தலைமையாசிரியர் வீட்டுக் கூடத்துக்கு மாறியது. காலையிலும் மாலையிலும் பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்தார்கள். நானும் போனேன். கணக்குக்காரனுக்கு அங்கே வேலையில்லைதான், ஆனாலும் போனேன். காற்றில் குடை மெல்லச் சுற்றும். ஊதுபத்திப் புகை பிள்ளையாரின் காதைத் தொட்டுக் கலையும். பேச்சு தானாகவே குறைந்துவிடும். நாங்கள் கூட்டைப் பார்க்கிறோமா அல்லது அது எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறதா என்று சமயத்தில் தோன்றும். நாலாம் நாள் மாலை அது கறுத்தது. "பாத்தியா, அழுகுது," என்றான் கலியமூர்த்தி. இந்த முறை அவன் குரலில் வெற்றி இல்லை. டீச்சர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாப் வரை நான் கூடப் போனேன். "அழுகித்தான் போச்சுன்னா அதையும் அவங்களே எழுதட்டும்," என்றார். பஸ் வந்தது. அவர் ஏறாமல் நின்றார். பிறகுதான் கவனித்து ஓடினார்.

ஐந்தாம் நாள் காலையில் நாங்கள் போனபோது கறுப்பு கண்ணாடியாகியிருந்தது. உள்ளே மடித்து வைத்த ஆரஞ்சு நிறச் சிறகு தெரிந்தது. கலியமூர்த்திதான் முதலில் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டான்.

கூடு கீழ்ப்பக்கம் பிளந்தது. ஒரு கால் வந்தது. இன்னொரு கால் வந்து காற்றைத் துழாவியது. பிறகு நனைந்த துணிச் சுருள் போன்ற ஒன்று முழுதாக நழுவி இறங்கி, தன் வெறும் கூட்டையே பிடித்துக்கொண்டு தொங்கியது. சுருங்கிய சிறகுகள் எங்கள் கண்முன்னால் மெல்ல மெல்ல நீண்டன. யாரோ உள்ளேயிருந்து ஊதுவது போல. தெருவில் தயிர்க்காரியின் குரல் போய்க்கொண்டிருந்தது. அது எங்கேயோ வேறு ஊரில் கேட்பது போலிருந்தது.

டீச்சரிடம் அன்னக்கிளி ஏதோ கேட்டாள். அவருக்குக் காதில் விழவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த அவர் முகம், அந்த வரிசையிலிருந்த எந்தப் பிள்ளையின் முகத்தையும்விடச் சின்னதாக இருந்தது.

பாதிச் சவரத்தில் சோப்பு நுரையோடு வந்த தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இப்ப இன்னா பண்ணுது?"

"காயுது சார்," என்றான் கலியமூர்த்தி. "ரத்தம் மாதிரி ஒண்ண றெக்கைக்குள்ள தள்ளுதுபோல. அதான் விரியுது. உயிர் உள்ளதான் இருந்திருக்கு சார். நான் சொன்னது தப்பு."

"நானும் தூங்குதுன்னு சொன்னேன், அதுவும் தப்பு," என்றாள் அன்னக்கிளி. "தூங்கியிருந்தா இவ்ளோ வேலை எப்பிடி முடிஞ்சிருக்கும்?"

சிறகு ஒருமுறை திறந்து மூடியது. கறுத்த முனையில் வெள்ளைப் புள்ளிகள். அது எழும்பி, குடையைச் சுற்றி, செல்வாம்பாள் திறந்து பிடித்திருந்த ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. யாரும் பின்னால் ஓடவில்லை.

நுரை தாடையில் காய்ந்துபோன பிறகுதான் தலைமையாசிரியர் வாய் திறந்தார்.

"அடுத்தது இன்னா பாடம் கமலவேணிம்மா?"

"தவளை சார்."

அவர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மணையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"அத்தப் பள்ளிக்கூடத்துலயே வெச்சுக்குங்க," என்றார். "தொட்டிக்கு நான் சொல்லிடறேன்."