சொல்லிவிட்டுத் தொட்ட கை

தங்கச் சுரங்கத்து மில் வாசலை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது. தகரக் கூரை, ஒரே ஜன்னல், அதற்கும் சாக்குத் துணியில் ஒரு திரை. தங்கம் காய்ச்சுகிற இடத்தில் பெருக்கித் துடைக்கிற பெண்கள் எல்லாரும் ஷிப்ட் முடிந்ததும் ஒவ்வொருத்தியாக அந்த அறைக்குள் போய், செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு துணுக்குத் தங்கம்கூட எங்கள் உடம்போடு வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகக் கம்பெனி அங்கே ஒரு அம்மாவை வேலைக்கு வைத்திருந்தது. சோதனைக்காரம்மா என்றுதான் நாங்கள் எல்லாரும் கூப்பிடுவோம். காக்கிப் புடவை, நெற்றியில் பெரிய பொட்டு. குளிர்காலத்தில் அவர் முதலில் தன் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடு பண்ணிக்கொள்வார். பிறகு, "கை வைக்கிறேன்மா" என்பார். அதைச் சொன்ன பிறகுதான் தொடுவார். மழையோ வெயிலோ, வாசலில் வரிசை எவ்வளவு நீண்டு நின்றாலும் சரி, சொல்லாமல் அவர் என்னைத் தொட்டதாக நினைவே இல்லை.

அந்தக் கைக்குத் தெரியாதது எங்களிடம் ஒன்றுமில்லை. யார் முதுகில் புருஷன் அடித்த தழும்பு, யாருக்கு மாதவிலக்கு, யார் பிள்ளைக்காகக் கேண்டீன் ரொட்டியை மடியில் சுருட்டியிருக்கிறாள், எல்லாம் தெரியும். தண்ணீர்க் குழாயடியில் வாயாடிப் பெண்கள் அவரைச் சீண்டிப் பார்ப்பார்கள். "இன்னிக்கு யாரு மடியில இன்னாம்மா சிக்குச்சு?" என்று கேட்பார்கள். அவர் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "தங்கம் இருந்தா ஆபீசுக்குச் சொல்லுவேன். மத்ததெல்லாம் அவங்க அவங்களுது" என்று சொல்லிவிட்டுப் போவார். இந்தப் பதிலை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அப்போது அதில் பெரிதாக ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

எனக்கு முதல் கரு தங்கவில்லை. அடுத்தது தங்கியபோது நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை, புருஷனிடம்கூட. சொன்னால் கண் பட்டுவிடுமோ என்று ஒரு பயம். ஆபீசுக்குத் தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று இன்னொரு பயம். ஒரு சாயங்காலம் சோதனைக்காரம்மாவின் கை என் அடிவயிற்றில் வந்து நின்றது. என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "போம்மா" என்றார், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அந்தக் கை என் வயிற்றைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகும், தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிற மாதிரி. வயிறு தானாகத் தெரிந்து, எங்கள் லைன் வீடுகள் முழுக்கப் பேசி முடித்த பிறகுதான் ஒருநாள் சிரித்துக்கொண்டே, "ஆம்பளப் புள்ள மாதிரி கீது" என்றார். அதுவரைக்கும் தனக்குத் தெரியும் என்பதையே அவர் காட்டிக்கொள்ளவில்லை. அந்த வயிற்றில் இருந்தவன்தான் என் மகன்.

அவன் பல வருஷம் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய், இருட்டிய பிறகு திரும்பி வந்தவன். பிள்ளைகள் படிப்புக்காக இப்போது அங்கேயே வீடு பார்த்துக்கொண்டான். என் வீட்டுக்காரர் சுரங்கத் தூசு நெஞ்சில் அடைத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த இந்த ஸ்கெலட்டன் வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். தனியாக இருப்பது எனக்குக் குறையில்லை. ஷிப்ட் மணிக்குப் பயந்து பாதி வயசு எழுந்தவள் நான். இன்றைக்கு எப்போது எழுவது, எதைச் சமைப்பது, யார் வீட்டுக்குப் போவது எல்லாம் என் இஷ்டம். சாகும்வரை இந்த வீட்டில்தான் இருப்பேன் என்று மகனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவன் ஒரு பொங்கலுக்கு வந்தபோது ஸ்மார்ட்போன் ஒன்றை வாங்கிவந்து கொடுத்தான்.

பக்கத்தில் உட்கார்ந்து அதில் என்னென்னவோ அழுத்தினான். கட்டைவிரலை வைக்கச் சொன்னான். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட பிறகு நான் எந்த ஆபீசிலும் கட்டைவிரல் வைத்ததில்லை. பேனாவைக் கொடு என்று கேட்டு வாங்கித்தான் போடுவேன். அவன் கேட்டதும் வைத்தேன், மகன்தானே. திரையில் ஏதேதோ கேட்டுக் கேட்டு வந்தது. இங்கிலீஷ் எனக்கு வாசிக்க வராது. அவன் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று அழுத்திக்கொண்டே போனான். பிறகு ஒரு மைக் படத்தைக் காட்டி, அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினால் குரல் அப்படியே போய்ச் சேரும் என்றான். தமிழையே எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கு அது பெரிய வரமாக இருந்தது.

குடியாத்தத்தில் என் தங்கை இருக்கிறாள். அவளும் நானும் அந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசாத பேச்சில்லை. மூட்டு வலி, மருமகள்கள் வைக்கிற சாம்பார், செத்துப்போன புருஷன்மார்களின் குறட்டை. இரண்டு கிழவிகள் இப்படிச் சிரிப்பார்களா என்று கேட்கிறவர்கள் நினைப்பார்கள். ஆனால் கேட்க யாரும் இல்லை என்றுதானே நாங்கள் சிரித்தோம்.

ஒரு நாள் கண்ணைக் காட்டுவதற்காகப் பங்காருபேட்டை போய் வந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மகன் போன் பண்ணினான். பங்காருபேட்டையில் என்ன வேலை என்று கேட்டான். அந்த ரயிலில் போகிறவர்கள் பாதிப் பேர் அவனுக்குத் தெரிந்தவர்கள். யாரோ என்னை ஸ்டேஷனில் பார்த்துச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். என் மகனுக்கு இவ்வளவு ஆள் பழக்கமா என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் ஒரு மழை நாளில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். இடுப்பில் நல்ல அடி. சுவரைப் பிடித்து எழுந்து, தைலம் தேய்த்துக்கொண்டு, அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் நடமாடினேன். தங்கையிடம் மட்டும் சொன்னேன். "உழுந்துட்டேன்டி. இவனுக்குத் தெரிஞ்சா வீட்டப் பூட்டி என்ன இட்டுக்கினு போயிடுவான். நீ வாயத் தொறக்காத" என்று மைக்கில் சொல்லி அனுப்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். காப்பி டம்ளரைக் கையில் எடுக்காமலே, "அடுத்த மாசம் வீட்டக் காலி பண்றோம்மா. டெம்போ சொல்லிட்டேன். பாத்ரூம்ல உழுந்து கெடந்தா யாரு பாக்குறது?" என்றான்.

டம்ளரைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, கையில் பிடிக்கவும் தெரியவில்லை. தங்கைதான் சொல்லியிருப்பாள் என்று முடிவு பண்ணிக்கொண்டேன். அவன் கிளம்பின உடனே தங்கையைக் கூப்பிட்டுத் திட்டித் தீர்த்தேன். அவள் சொல்லவே இல்லை என்றாள், சத்தியம் பண்ணினாள். நான் நம்பவில்லை. கடைசியில், "என் வாய நீ நம்பலன்னா இனிமே என் வாயில வர்றத நீ கேக்கவும் வேணாம்கா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் போன் ஊமையாகிவிட்டது. நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவளிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. போன்தான் கெட்டுப்போய்விட்டது என்று மனசைச் சமாதானம் பண்ணிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மொபைல் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் நடுவயசுக்காரர், பொறுமையானவர். என்னையே திறக்கச் சொல்லி, அங்கே இங்கே தட்டிப் பார்த்தார். "போன் நல்லாத்தான் கீது ஆயா. அவங்கதான் அனுப்பல" என்றார். சங்கடமாக இருந்தது. போனை வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்காமல் திரையை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆயா, இந்த இன்னொரு கம்ப்யூட்டரு யாருது?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரவைத்துச் சொன்னார். நான் பேசி அனுப்புவதும் எனக்கு வருவதும் எல்லாமே இன்னொரு இடத்தில் இருக்கிற கம்ப்யூட்டருக்கும் அப்படியே போய்க்கொண்டிருக்கிறதாம். அன்று காலையில்கூட யாரோ அதைத் திறந்து கேட்டிருக்கிறார்களாம். இன்னொரு பக்கத்தைத் திறந்து, இந்தப் போன் எங்கே போனாலும் அந்த இடம் மேப்பில் தெரிகிற மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டினார். அது யார் பார்ப்பதற்கு என்று கேட்டேன். என் மகன் பெயரை வாசித்தார்.

எத்தனை வருஷம் அந்தத் தகரக் கூரையின் கீழ் கையைத் தூக்கி நின்றிருக்கிறேன். வாயைத் திறந்து காட்டியிருக்கிறேன், தலைமயிரை விரித்துக் காட்டியிருக்கிறேன். ஒருநாளும் எனக்குக் கூசினதில்லை. அன்றைக்கு அந்தக் கடை ஸ்டூலில் முழுப் புடவையோடு உட்கார்ந்திருந்தபோது உடம்பெல்லாம் கூசியது. முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டேன். தங்கையிடம் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. மருமகளைப் பற்றிச் சொன்னது, அவன் அப்பாவைப் பற்றிச் சொன்னது, ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் மட்டும் சொல்லக்கூடிய உடம்புச் சங்கதிகள். அத்தனையும் நான் பெற்ற மகன் காதில் விழுந்திருக்கிறது. கடைக்காரர் இப்போதே எல்லாவற்றையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வைத்தவன் கையே அதை எடுக்கட்டும்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மைக்கை அழுத்தித் தங்கைக்குப் பேசினேன். "உன்மேல பழி போட்டது என் புத்திகெட்டத்தனம்டி. நீ சொல்லல. இவனே ஒட்டுக் கேட்டுக்கினு இருந்திருக்கான்." மூச்சு வாங்கிக்கொண்டு மேலே சொன்னேன். "டேய், நீ இதக் கேப்பன்னு எனக்குத் தெரியும். கேட்டது போதும். நேர்ல வா."

முதலில் பதில் வந்தது தங்கையிடமிருந்துதான். "இனிமே பேசுறதுக்கு முன்னாடி லைன்ல எல்லாருக்கும் தமுக்கடிச்சுச் சொல்லிட்டுப் பேசலாமாக்கா?" என்று கேட்டிருந்தாள். கோபம் குரலில் இருந்தது, ஆனால் குரல் வந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் மகன் வந்தான். வேலையைப் பாதியிலேயே விட்டுக் கிளம்பி வந்திருக்க வேண்டும், கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றான்.

திட்டுவதற்கு நான் நிறைய வைத்திருந்தேன். அவன் முந்திக்கொண்டான். "பயமா இருந்துச்சும்மா. அப்பா இருமி இருமிக் கெடந்தப்போ கடைசி வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுமில்லன்னுதானே சொன்னீங்க" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "என்கிட்ட நல்லா கீறேன், சாப்ட்டேன், அவ்ளோதான் பேசுவ. சித்திகிட்டதான் சிரிக்கிற. அதக் கேக்கத்தான் மொதல்ல தொறந்தேன்" என்றான். கடையில் தூக்கிவாரிப் போட்டதைவிட இது என்னை அதிகம் ஆட்டிவிட்டது. என் சிரிப்பைத் திருடிக் கேட்கிற நிலையில் ஒரு மகன் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது.

அதற்காக நான் விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அவனுக்குத் தெரியாத அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னேன். "நீ என் வயித்துல இருந்தது உங்கப்பாவுக்குத் தெரியறதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியும்டா. சம்பளம் வாங்கிக்கினு என்னத் தடவிப் பாத்தவங்க. சொல்லிட்டுத்தான் கைய வெச்சாங்க. நீ சொல்லலியே" என்றேன். "கேட்டிருந்தா உட்டிருப்பியா?" என்றான். மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன், அது அவனுக்கும் தெரியும்.

போனை வாங்கி, என் கண் எதிரிலேயே அந்தக் கம்ப்யூட்டரை எடுத்தான். மேப்பை நிறுத்தினான். கட்டைவிரலையும் எடுத்துவிட்டு, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு நம்பர் போடச் சொன்னான். நான் தட்டி முடிக்கிறவரை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். டெம்போவை நிறுத்திவைப்பதாகச் சொன்னான். ஆனால் போகும்போது, "இன்னொருவாட்டி உழுந்தா அப்புறம் பேச்சே இல்லம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினான்.

போன வாரம் அதே பாத்ரூமில் மறுபடியும் கால் சறுக்கியது. அடி ஒன்றும் இல்லை. முழங்கால் தரையில் பட்டது, ஆகவே விழுந்ததுதான். ஈரப் புடவையோடு கட்டிலில் வந்து உட்கார்ந்தேன். போன் பக்கத்தில் கிடந்தது. நான் சொல்லாவிட்டால் அவனுக்குத் தெரியவே தெரியாது. எங்கேயும் எந்தக் கம்ப்யூட்டரும் திறந்திருக்கவில்லை. சொன்னால் இந்த வீடு போகும். மறைப்பதும் சொல்வதும் என் இஷ்டம், அதைத்தானே சண்டை போட்டு வாங்கினேன். வாங்கின பிறகு அது இவ்வளவு கனக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நம்பரைத் தட்டிப் போனைத் திறந்து அவனைக் கூப்பிட்டேன். பஸ்சில் இருந்தான் போலிருக்கிறது, ஹாரன் சத்தம் கேட்டது.

"உழுந்துட்டேன்டா" என்றேன்.

"எப்போம்மா?"

"இப்பத்தான். அடி ஒண்ணும் இல்ல."

"சித்திக்குச் சொன்னியா?"

"இல்ல. உனக்குத்தான் மொதல்ல."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். டெம்போ என்கிற வார்த்தை எந்த நிமிஷமும் வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ஞாயித்துக்கிழம வந்து பாத்ரூம் சொவத்துல புடிச்சுக்க ஒரு கம்பி வெக்கட்டுமாம்மா?" என்று கேட்டான்.

"வைடா" என்றேன்.