என் பேரில் இன்னொருவன் கொடுத்த ரத்தம்

எங்கள் தோட்டத்தில் ஒருத்தன் வேலைக்கு வர முடியாவிட்டால் இன்னொருத்தன் போய் நின்று அவன் பேரைப் போட்டுவிடுவான். கங்காணி கண்டுக்க மாட்டார். அந்தப் பழக்கத்தை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோன மகாமூளை நான்தான்.

மகள் பிறந்த மூன்றாம் நாள் ரத்தம் எடுத்தார்கள். சுள்ளி மாதிரிக் கை. நரம்பு கிடைக்க நாலு குத்து. தாயின் ரத்தத்தைப் போலவே அதுவும் மேகநோய் என்று காட்டியது. “தாயோட ரத்தத்துல உள்ளது புள்ளைக்கு வந்திருக்கலாம். ஒரு சோதனைய வச்சுச் சொல்ல முடியாது. ஒரு மாசத்துல திரும்ப எடுப்போம், அளவு எறங்கணும்” என்றார் டொக்டர். “தகப்பனும் ரத்தம் கொடுக்கணும்.”

தகப்பனுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தி, வரக்காப்பொலயில் லொறி கிளீனராகத் திரிந்தபோது வந்தது. முதல் ஊசியோடு புண் ஆறியது. மிச்ச ஊசிக்குப் போகவில்லை. நான் வாயில்தான் வீரன்.

அதனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் இருந்தவனை என் பேரில் அனுப்பினேன். கோயிலைத் தவிர வேறெங்கும் போகாத பிரம்மச்சாரி. சுத்தமான ரத்தம். நோயில்லை என்று வந்த சீட்டை லயத்து வாசலில் தூக்கிக் காட்டி, “பாத்துக்குங்க, பசும்பால்” என்றேன். சிரித்தார்கள். பிறகு என் மனைவியைப் பார்த்தார்கள். அம்மா அன்றைக்கே அவளுக்குத் தனிக் கோப்பை வைத்தார்கள். தண்ணீர்ப் பீலிக்கு அவள் போனால் பெண்கள் குடத்தோடு நகர்ந்தார்கள்.

“நெசமாவே உங்களுக்கு ஒண்ணுமில்லயா?” என்று ஒரே தடவை கேட்டாள்.

“சீட்டு பொய் சொல்லுமா?” என்றேன்.

ஒரு மாதத்தில் குழந்தையின் அளவு இறங்கவில்லை, ஏறியிருந்தது. பத்து நாள் ஊசி என்று தாயையும் பிள்ளையையும் வார்டில் வைத்தார்கள். பார்க்கப் போனேன். நர்ஸ் மிஸ்ஸி சிங்களத்தில் அவளிடம் கேட்டார்: “இவரு யாரு? அன்னைக்கி ரத்தம் கொடுத்த ஒன் புருஷன் மொட்டத் தலையாச்சே.”

மனைவி என் தலைமுடியைப் பார்த்தாள். அழவில்லை. “நாளைக்குப் பெரட்டுக்களத்துல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

அன்றைக்கே என் ரத்தத்தைக் கொடுத்தேன். காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் சொன்னேன்: நோய் என்னுது, ரத்தம்தான் அவனுது, அவ மேல தப்பில்ல. மொட்டைத்தலைக்காரன் பொலிசுக்குப் பயந்து தரையைப் பார்த்தான்.

“பொண்டாட்டியக் காப்பாத்த என்னமா கத கட்டுறான் பாரு” என்றார் கங்காணி. களமே சிரித்தது. இருபது வருஷமாக அவர்களைச் சிரிக்கவைத்தவன் நான்; அன்றைக்குச் சிரித்த மாதிரி அவர்கள் என்றைக்கும் சிரித்ததில்லை.

சாயந்திரம் வார்டில் கேட்டாள்: “சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

மிஸ்ஸி ஊசியோடு வந்துவிட்டார். நான் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டேன்.