ரத்தத்துக்கு மல்லிகைப் பார்சல்

எங்கள் வீட்டில் போன வாரம் மகாலட்சுமி வந்து பிறந்திருக்கிறாள். தம்பி முருகனுக்கும் செல்விக்கும் முதல் குழந்தை. சுகப்பிரசவம். தாயும் சேயும் நலம். இந்தச் சந்தோஷம் சும்மா வந்துவிடவில்லை. எழுதச் சொன்னதே செல்விதான். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எட்டாம் மாதத்தில் அவளுக்குக் கொப்புளம் வந்தது. வெளியே சொல்லக் கூசுகிற இடத்தில். சமையலறைக்குள் இழுத்துப் போய் நாத்தனாரான என்னிடம் மட்டும் சொன்னாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஹெர்பிஸ் மாதிரி இருக்கிறது, தாம்பத்திய உறவில் தொற்றுகிற கிருமி என்றார்.

கேள்வி ஒன்றுதான். உடம்பில் இருந்த பழைய கிருமி மறுபடி எட்டிப் பார்க்கிறதா, இப்போதுதான் புதிதாகத் தொற்றியதா? புதிது என்றால் பிரசவத்தில் குழந்தைக்கு ஆபத்து அதிகம். பழையது என்றால் அதை எதிர்க்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும், குழந்தைக்கும் கொஞ்சம் போய்ச் சேரும். ஆனால் இப்போதே பார்த்தாக வேண்டும். நாள் தள்ளினால் புதுக் கிருமிக்கும் ஆன்டிபாடி வந்துவிடும், அப்புறம் பிரித்துச் சொல்ல முடியாது என்றார்.

அந்த டெஸ்ட் சென்னையில்தான். இங்கே ரத்தம் எடுத்து பஸ்ஸில் அனுப்ப வேண்டும். முருகனோ பூ வியாபாரி. கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லி வாங்கிச் சென்னைக்கு அனுப்புகிறவன். பார்சல் கட்ட அவனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? ரத்தக் குழாயை ஐஸ் கட்டிகளுக்கு நடுவே புதைத்து, ஈரத்துணி சுற்றி... மல்லியாக இருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும்!

மறுநாள் லேபிலிருந்து போன். சாம்பிள் செல்லாதாம். ஐஸ் பட்டு ரத்த அணுக்கள் உடைந்துவிட்டனவாம். செல்வி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. சரி, உங்களுக்கு எந்த மாதிரி ரத்தம்தான் வேண்டும் என்று கேட்டேன்.

ரத்தமே வேண்டாம், சீரம் போதும் என்றார்கள். உறையாமல் இருக்க மருந்து போட்ட குழாய் கூடாது. வெறும் குழாயில் எடுத்து, உறைய விட்டு, மெஷினில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை மட்டும் தனியாக அனுப்ப வேண்டும். ஐஸ் நேராகப் படக் கூடாது.

அவ்வளவுதானே? செல்வியை மறுபடி அழைத்துப் போனேன். உள்ளூர் லேப்காரர் பழக்க தோஷத்தில் மருந்துக் குழாயையே எடுத்தார். விடுவேனா? கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ் ஊர்ந்துதான் போகும். முருகன் இந்த முறை யாரையும் நம்பாமல், சீரம் வைத்த ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு தானே சென்னைக்குப் போனான்.

ரிப்போர்ட் வந்தது. ஆன்டிபாடி பாசிட்டிவ். மூன்று பேரும் ஆடிப்போனோம். டாக்டரம்மா சிரித்தார்.

"பாசிட்டிவ்னா பயப்படாதீங்க. இது பழசு. வலி எடுக்கறப்ப கொப்புளம் இல்லேன்னா சுகப்பிரசவமே பாத்துடலாம்."

செல்வி அங்கேயே அழுதுவிட்டாள். நானும்தான்... மறைப்பானேன்?

ஜெயித்தாயிற்று என்று வீட்டுக்கு வந்தால் அம்மா காத்திருக்கிறாள். அதற்குள் விஷயம் அவள் காதுக்கும் போயிருந்தது.

"பழசுன்னா... எங்கேந்து வந்துச்சாம்?"

கேள்வி எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. பார்வை மட்டும் செல்வி மேல். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முருகன் சட்டைப் பையிலிருந்து இன்னொரு ரிப்போர்ட்டை எடுத்தான். எப்போது டெஸ்ட் கொடுத்தான் என்று எனக்கே தெரியாது.

"எனக்கும் பாத்துட்டேன்மா. எனக்கும் இருக்குது. யார்கிட்டேந்து யாருக்கு வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாதாம். நீயும் கேக்காத."

செல்வி தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள் பாருங்கள், அந்த ஒரு பார்வைக்காக இன்னும் நாலு தடவை பஸ்ஸில் சென்னை போகலாம்.

ஆண்பிள்ளை என்றால் சட்டைக் கையை மடித்துவிட்டு இப்படி ஒரு தடவை ஊசிக்குக் கையை நீட்ட வேண்டும் - சரிதானே?