விளங்காமல் தலையாட்டிய நாள்

"டாக்டர் சொன்னது ஒனக்கு உண்மையிலயே வெளங்குச்சா?" என்று ஆஸ்பத்திரி வாசலில் அப்பா கேட்டார்.

"வெளங்காமயா இவ்வளவு படிச்சேன்?" என்றேன். எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சை வரை படித்தது நான் மட்டும்தான். நுவரெலியாவில் அலுவலக வேலை.

அன்று காலை தேயிலை மலையில் கொழுந்தெடுக்கும்போது அம்மாவைக் குளவிகள் கொட்டிவிட்டன. தொண்டை வீங்கி மூச்சு அடைத்தது. ஆஸ்பத்திரியில் அவசரமாக மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். பிறகு டாக்டர் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து நீண்ட நேரம் விளக்கினார். குழாய், ஒட்சிசன், மூளை என்று மூன்று சொற்கள்தான் எனக்குப் பிடிபட்டன. ஆனாலும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தமிழ் தெரிந்த தாதி ஒருவர், "நான் சொல்லட்டுமா, தங்கச்சி?" என்றார். "தேவையில்ல" என்றேன். அப்பாவிடம், "விஷம் எறங்கிருச்சு, இனிப் பயமில்ல" என்று முடித்துவிட்டேன்.

அம்மா தேறி வேலைக்குப் போனார். தேத்தண்ணிக்கு இரண்டு தடவை சீனி போட்டார். மலையில் தனக்கு ஒதுக்கிய செடி வரிசையை, தன் நிரையை விட்டு அடுத்தவள் நிரையில் கொழுந்தெடுத்தார்.

"குளவி கொட்டுனா நெரை கூடவா மறந்துபோகும்?" என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்களாம்.

நான் அதற்கும் மேலே போனேன். "வேலைக்குப் போக மனசில்லன்னா நேரா சொல்லுங்கம்மா. நடிக்காதீங்க."

"நடிக்கலடி. நெனப்பு நிக்க மாட்டேங்குது."

அதன் பிறகுதான் என் உடுப்புகளுக்கு அடியில் கிடந்த, வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் தந்த அட்டையை எடுத்து, அகராதியோடு உட்கார்ந்தேன். ஒரு மாதத்தில் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மூன்று மாதம் கடந்திருந்தது.

அம்மாவைக் கூட்டிப்போய், "அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை" என்று டாக்டரிடம் சிங்களத்தில் சொன்னேன். இந்தத் தடவை அதே தாதியைக் கூப்பிட்டுத் தமிழில் கேட்டேன். தொண்டை வீக்கத்தால் குழாய் லேசில் இறங்கவில்லை. அந்தச் சில நிமிடங்களில் இரத்தத்தில் ஒட்சிசன் மிகவும் குறைந்து, மூளை பாதிக்கப்பட்டிருக்கிறது. மறதி அதனால்தான். பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் தேறலாம். எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது. முன்பே வந்திருந்தால் பயிற்சியை அப்போதே தொடங்கியிருக்கலாம்.

அப்பாவிடம் சொன்னேன். "அப்பவே கேட்டேனேம்மா" என்றார்.

இன்று காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு அம்மாவுக்கு முன்னால் நான் போனேன். கூடையோடு நின்ற பெண்களிடம், "அம்மா நடிக்கல. டாக்டர் சொன்னது எனக்குத்தான் வெளங்கல. வெளங்குன மாதிரி வந்து சொல்லிட்டேன்" என்றேன்.

அன்று மலையில் கேலியாகக் கேட்டவள்தான் முதலில் பேசினாள். "மொதல்லயே சொல்லியிருந்தா, நாங்களே கையப் புடிச்சு நெரையில விட்டிருப்போமே."