கவ்பேக்குப் போட்டு வாங்கோ சொன்ன கதை

மிருகங்களுக்குச் சாப்பாடு வெட்டுற வேலையில ஒரு சுகம் இருக்கு: உப்புக் காணாதெண்டு ஒருத்தரும் கோப்பையைத் தள்ளி வைக்கமாட்டினம். ஒரு கரைச்சலும் இருக்கு: இண்டைக்குச் சாப்பிட்ட ஆள் அடுத்த மாசம் இருக்குமோ எண்டு வெட்டுறவனுக்குத் தெரியாது. இந்தக் குளிர் நாட்டில, ரொம்சோஸில பஸ் பிடிச்சு, லில்லெஸ்ட்ரோமும் தாண்டி ஒரு மிருகக்காட்சிச் சாலைக்கு ஓடுறவன் நான். துப்புரவு, கிச்சின், டிரைவிங் எண்டு இஞ்சை முறியிற சகோதரங்களே, உங்கட முதலாளிமார் கத்துவினம், என்ரை முதலாளிமார் உறுமுவினம். அவ்வளவுதான் வித்தியாசம்.

குறிப்புப் பொருத்தம்

கிடைச்ச மிருகத்தைக் கூட்டில அடைச்சு டிக்கெட் விக்கிறதுதான் இந்த யாவாரம் எண்டு நான் நினைச்சிருந்தன். இல்லையாம். எந்த ஆணுக்கு எந்தப் பெண் எண்டு வேற நாட்டில இருந்து ஒரு மனிசி பொருத்தம் பாத்துச் சொல்லுவாவாம். பூட்டன் பூட்டி வரைக்கும் கிண்டுவினம். எங்கட கலியாணப் புரோக்கர்மார் பிச்சை வாங்கவேணும்.

அந்தப் பொருத்தத்தில கழிபட்டவதான் எங்கட கவ்பே. கவ்பே எண்டால் இஞ்சத்தைப் பாஷையில, நாய் உயரத்தில ஒரு காட்டுப்பூனை எண்டு வையுங்கோ, காது நுனியில கறுத்த மயிர்க்குஞ்சம். கிழவி. இனிக் குட்டி போடாது. அவவின்ரை சாதி காட்டில தன்பாட்டில திரியுது. பனிநரிதான் மலையில அழிஞ்சு கொண்டு வருது. அவவின்ரை கூட்டில நரியை வளர்த்தால், குட்டியளை மலையில கொண்டுபோய் விடலாமாம். வேற இடங்களிலயும் கேட்டுப் பாத்திச்சினம், ஒருத்தருக்கும் கிழவி தேவையில்லை. "பென்ஷன் குடுத்து ஒரு மூலையில விடுங்கோவன்" எண்டு நான் பகிடியாக் கேட்டன். எங்கட பெரியவ இங்கிரிட் சிரிக்கேல்லை.

"யோகன், எங்களிட்ட இடம்தான் இல்லை. ஒரு கிழவி படுக்கிற இடத்தில ஒரு இனமே பிழைக்கலாம்."

கல்லுப் பாக்க வந்த அன்ரி

பாக்க வாற சனம் ஒருத்தரும் கவ்பேயைக் கண்டதில்லை. கூட்டுக்கு நடுவில ஒரு பெரிய கல்லு, அதுக்குப் பின்னால படுத்திடுவா. நான் வாளியில தட்டி, "சாப்பிட வாங்கோ" எண்டால் மட்டும் வருவா. வயசுக்கு மரியாதை குடுக்கவேணுமெல்லே, அதுதான் வாங்கோ போங்கோ.

எங்கட சேர்ச்சுக்கு வாற ரீற்றா அன்ரி ஒருநாள் ஸ்ட்ரோம்மனில இருந்து வந்தவ. கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கொண்டு கால் வலிக்குமட்டும் நிண்டா. பிறகு என்னைப் பாத்தா ஒரு பார்வை.

"ஏன் தம்பி, கல்லைத்தான் பாக்கிறதெண்டால் எங்கட வீட்டுக்குப் பின்னாலயே கிடக்குது!"

வாய் முந்தின நாள்

வேலை முடிஞ்சு வெளிக்கிடேக்க ஒவ்வொரு கூட்டுக்கும் "போட்டு வாறன்" எண்டு சொல்லுறது என்ரை பழக்கம். கூட வேலை செய்யிற தோர் ஏனெண்டு கேட்டவன். போறன் எண்டு மட்டும் நாங்கள் சொல்லமாட்டம், திரும்பி வருவம் எண்டும் சேர்த்துத்தான் சொல்லுவம் எண்டு விளங்கப்படுத்தினன். அண்டையில இருந்து அவனும் சொல்லுவான், வாய்க்குள்ள கல்லு வைச்சவன் மாதிரி.

கிழவியின்ரை கதையை முடிக்க டொக்டர் ஊசியோடை வந்த அண்டைக்கு, கவ்பேயை ஆர் கூப்பிடுறது? என்ரை வாளிச் சத்தத்துக்குத்தானே வருவா. கூப்பிட்டன். வந்தா, சாப்பிட்டா, ஊசி பட்டதும் மெல்லச் சரிஞ்சு படுத்தா. கண் என்னிலதான். என்ரை பாழ்படுவான் வாய் தன்ரைபாட்டில சொல்லிச்சுது: "போட்டு வாங்கோ." ஒருக்காக் கண்ணை மூடித் திறந்தா. பிறகு இல்லை.

வீட்டை வந்து சொன்னன். மனிசி அகப்பையை அப்பிடியே வைச்சிட்டாள்.

"செத்த வீட்டில ஆரும் போட்டு வாறன் எண்டு சொல்லுறவையே? நீங்கள் அவவைத் திரும்பி வரச் சொல்லிப்போட்டெல்லோ வந்திருக்கிறியள்!"

நரி பாத்த பக்கம்

பனிநரிச் சோடி வந்து இறங்கிச்சுது. பொருத்தமெல்லாம் திறம். ஆனா வாசல் மூலையை விட்டு அசையுதுகளில்லை. ரெண்டும் பக்கத்தில பக்கத்தில குந்தி, கல்லையே பாத்துக்கொண்டு. ஸ்னோ கொட்டி எல்லாம் வெள்ளை. கல்லின்ரை உச்சியில மட்டும் ஒரு இடம் உருகிக் கறுப்பாக் கிடந்தது, ஒரு உடம்பு சுருண்டு படுத்தளவுக்கு. வெயிலாக்கும் எண்டான் தோர். வெயிலை நாங்கள் கண்டு எவ்வளவு காலம்!

கல்லுக்குக் கீழ இருக்கிற பொந்தில நரி குடியேறாட்டில் குட்டி இல்லை, சோடியை வேற இடத்துக்கு அனுப்பவேண்டி வரும் எண்டா இங்கிரிட். அப்ப கிழவி செத்தது வீண். இந்த நேரம் பாத்து ரீற்றா அன்ரி திரும்பவும் வந்தா. கவ்பே செத்தது அவவுக்குத் தெரியாது. நான் வாய் திறக்க முதல் அவவே சொன்னா:

"இண்டைக்கு வடிவாத் தெரியுது தம்பி. கல்லுக்கு மேல இருந்து உம்மைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறா."

சொல்ல வராத சொல்லு

வாளியோடை உள்ளுக்குப் போனன். "போங்கோ" எண்டு மட்டும் சொல்லோணும், "வாங்கோ" எண்ட வால் வைக்காமல். வாளியைத் தட்டினன். நரியளின்ரை காது என்ரை பக்கம் திரும்பேல்லை, கல்லின்ரை பக்கம் திரும்பிச்சுது. காத்தில்லை. ஆனா கிழவியின்ரை அந்த மயிர் மணம் மூக்கில அடிச்சுது.

நாக்கு எழும்பேல்லை, சகோதரங்களே. என்ரை கையால சாப்பிட்ட ஆளைப் போ எண்டு எப்பிடிச் சொல்லுறது? "இருக்கிறதெண்டால் இருங்கோ அம்மா. அந்தச் சின்னதுகளைப் பயப்படுத்தாதேங்கோ" எண்டன். கல்லில இருந்து கொஞ்சம் ஸ்னோ சரிஞ்சுது. பெட்டை நரி என்ரை சப்பாத்தை உரசிக்கொண்டு போய், கல்லில ஏறி, அந்தக் கறுத்த இடத்தில சுருண்டு படுத்துது. நான் சிரிச்சுக்கொண்டு திரும்பினால், வேலிக்கு வெளியில தோர், முகம் வெளிறிப்போய்.

"யோகன், நரி ஏற முதல் அந்தக் கல்லால இறங்கினது என்னது?"

வரக்கூடாத பயணம்

பொந்துக்குள்ள குட்டி பிறந்து, வளந்து, மலைக்குப் போற நாளும் வந்திட்டுது. மழை தூறிக்கொண்டு இருந்தது. குட்டியளைப் பெட்டியில ஏத்தினம். எல்லாம் நனைஞ்சு கிடக்க, கூட்டு வாசலில, என்ரை வாளிக்குப் பக்கத்தில மட்டும் ஒரு துண்டு நிலம் காஞ்சு கிடந்தது. பெட்டிக்குள்ள இருந்த அத்தனை குட்டியும் அந்த இடத்தைத்தான் பாத்துக்கொண்டு இருந்ததுகள்.

தோர் கையை ஆட்டி, "போட்டு வா..." எண்டு தொடங்கினான். பாய்ஞ்சு அவன்ரை வாயைப் பொத்தினன். இங்கிரிட் என்னைப் பாத்தா, பிறகு தலையாட்டினா.

"சரியாத்தான் செய்தாய், யோகன். அதுகள் திரும்பி வந்தால் நாங்கள் தோத்தமாதிரி."

ஆர் போறது எண்டு கூட்டம் வைச்சு முடிவெடுக்கிறது படிச்ச ஆக்களின்ரை வேலை, போகாமல் வாளிக்குப் பக்கத்தில காத்துக்கொண்டிருக்கிறவவுக்கு மறுமொழி சொல்லுறது மட்டும், வழமைபோல, இறைச்சி வெட்டுறவன்ரை தலையில.