தோட்டாவுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

இத்தாலியின் பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோப் பகுதியில் நான் துப்புரவு வேலை செய்த வீட்டுக்காரர் நெட்டையான மனிதர். ஆயிரம் மீற்றர் குறிசுடும் போட்டியில் தன் மச்சானை ஒருமுறையாவது வெல்ல அவருக்கு ஆசை. எந்தத் தோட்டா என்று முடிவெடுக்க முடியாமல், இரண்டு வகையையும் மேசையில் நிறுத்தி, பார்த்துக்கொண்டே பாஸ்தா சாப்பிடுவார்.

“புதுசு மெலிஞ்சது, காத்தை வெட்டிப் போகும். பழசு கைக்குப் பழகினது. நீ சொல்லு!”

“எனக்கென்ன தெரியும், சிஞ்ஞோரே? பூக்கட்டிப் பாப்பம்.”

என் பையிலிருந்த முருகன் படத்தின் முன், புதியதற்கு வெள்ளைப் பூவும் பழையதற்குச் சிவப்புப் பூவும் தாளில் சுற்றிப் போட்டேன். கண்ணை மூடி எடுத்தார். மூன்று தரமும் சிவப்பே வந்தது.

“உன்ர சாமி வேல்காரர். துவக்கைப் பற்றி அவருக்கென்ன தெரியும்?” என்று புதியதோடு போட்டிக்குப் போனார்.

ஒரு குண்டும் குறியில் படவில்லை, மச்சானே வென்றார். திங்கட்கிழமை என் காதருகே குனிந்து, “முருகனிட்டைச் சொல்லிப்போடாதை” என்றார்.

முருகனுக்குத் தெரியாததா? ஆனாலும் இன்றுவரை நான் சொல்லவில்லை.