அன்னாசிப்பழ டின்

நான் சொன்ன பொய் மொத்தம் இரண்டு வாக்கியம். ஒன்று இங்கிலீஷில், இன்னொன்று தமிழில். அப்போது எனக்குப் பத்து வயது. இப்போது அறுபதைத் தொடப்போகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருஷம் சாரல் காலத்துக்கு மகன் எங்களைத் துபாயிலிருந்து ஓமானில் இருக்கும் சலாலாவுக்குக் கூட்டிவந்திருக்கிறான். மலைமேல் புல்வெளியில் ஒரு கேரவனை நான்கு நாளைக்கு எடுத்திருக்கிறான். உள்ளே மெத்தைக் கட்டில், குளியலறை, காபி போடும் இயந்திரம் எல்லாம் இருக்கின்றன. வளைகுடா முழுவதும் வெந்துகொண்டிருக்கும்போது இந்த மலையில் மட்டும் பனிமூட்டமும் தூறலுமாக இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரிவதில்லை. திடீரென்று ஒரு பசு தெரியும், பிறகு அதுவும் மறைந்துவிடும். பேரன் அதையே வேடிக்கையாக வைத்துக்கொண்டிருக்கிறான்.

நேற்றுக் காலை அவன் பாதி இங்கிலீஷில் கேட்டான், சின்ன வயதில் நான் கேரவனில் தங்கியிருக்கிறேனா என்று. தங்கியிருக்கிறேன், இதே மலையில், என்றேன். பசுக்களைப் பற்றியும் ரோடு ரோலரைப் பற்றியும் சொன்னேன். ரோலரை நானே ஓட்டினேன் என்றதும் அவனுக்கு என்மேல் மரியாதை கூடிவிட்டது. மிச்சத்தைச் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பா ஒரு ரோடு போடும் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். கடற்கரையிலிருந்து மலையேறி அந்தப் பக்கத்துப் பாலைவனம்வரை போகிற சாலை அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. அம்மாவும் நானும் சலாலா ஊருக்குள் இருந்தோம். ஒரு வெள்ளைக்கார அம்மாள் தம் வீட்டிலேயே ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு நடத்திய பள்ளியில் நான் படித்தேன். தமிழைவிட இங்கிலீஷ் எனக்குச் சரளமாக வந்தது. இந்தக் கதையில் என் தகுதி அது ஒன்றுதான்.

பள்ளி விடுமுறை விட்டதும் ஒரு மாதம் சைட்டில் அப்பாவுடைய கேரவனில் தங்கலாம் என்று கம்பெனி அனுமதித்தது. தகரக் கூரை, மடக்கிவைக்கிற மேசை, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த நாலு கருங்கல். கதவைத் திறந்தால் முழங்கால் உயரப் புல். சுற்றிலும் நாற்பது ஆட்களின் கூடாரங்கள். அவர்களில் ஒருவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அப்பாதான் விசா வாங்கி அழைத்து வந்திருந்தார். ரோலர் ஓட்டுகிற வேலை.

சாரல் காலத்தில் மண் ஈரமாகிவிடும். ஈர மண்ணில் ரோலர் ஓட்ட முடியாது. ஆகவே கேம்பிலேயே வேலையில்லாத ஒரே ஆள் மாமாதான். என்னைப் பொறுத்தவரை அது கடவுள் எனக்கென்றே செய்துகொடுத்த ஏற்பாடு. காலையில் டீ குடித்ததும் கேரவன் கதவைத் தட்டுவார். “மாப்ளே, டூட்டிக்கு நேரமாச்சு!”

எங்கள் டூட்டி, மூட்டத்தில் மறைந்து நிற்கிற பசுக்களைக் குரலை வைத்தே எண்ணுவது. மலைக்காரர்களின் பசுக்கள் அவை, குட்டையானவை, எங்களை மதிக்காதவை. மாமா எல்லாவற்றுக்கும் அவர் ஊர்க்காரர்களின் பெயரை வைத்திருந்தார். நடக்கும்போது வயிறு ஆடுகிற பசு பஞ்சாயத்துத் தலைவர். எல்லாவற்றையும் முட்டுகிறது அவருடைய கணக்கு வாத்தியார். தார்ப்பாயால் மூடிய ரோலரின் மேல் உட்கார்ந்து அவல் தின்போம். “மண்ணு காய்ஞ்ச அன்னைக்கு ஸ்டியரிங் உன் கையில. சத்தியம்” என்று தினமும் ஒரு தடவை சொல்லுவார்.

இரண்டாவது வாரம் ஊரிலிருந்து மாமாவுக்குக் கடிதம் வந்தது. கேரவனுக்குள் உட்கார்ந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். பக்கத்து ஊரில் ஒரு பெண், பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. பெண்ணின் அப்பா ஆவணிக்குள் மாப்பிள்ளை நேரில் வந்து நிச்சயம் செய்ய வேண்டும் என்கிறார், இல்லாவிட்டால் சிங்கப்பூரில் இருக்கும் ஒரு பையனுக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

“சிங்கப்பூர் போனா போவட்டும், உனக்கு வேற பொண்ணா இல்ல?” என்றாள் அம்மா.

மாமா கடிதத்தை மடித்துக்கொண்டே இருந்தார். “இல்லக்கா. அந்தப் பொண்ண நான் பாத்திருக்கேன். ரைஸ் மில்லு வாசல்ல. மூணு தடவ.”

“மூணு தடவையும் நெல்லு அரைக்கத்தான் போனியா?”

“மொதத் தடவ மட்டும்.”

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நெல் இல்லாமல் ஒருவர் எதற்கு ரைஸ் மில்லுக்குப் போக வேண்டும்?

லீவு கேட்பதுதான் சிக்கலாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் லீவு, மாமாவுக்கு இன்னும் நாலு மாதம் பாக்கி. ஆனால் ரோலர் சும்மா நிற்கிறது, கேட்டால் கிடைக்கலாம். அப்பாவிடம் கேட்டார். அப்பா முடியாது என்றுவிட்டார்.

“மச்சானுக்குன்னு நான் போய் நின்னா, நாளைக்கு நாப்பது பேரும் என்ன பேசுவான்? நீயே போய்க் கேளு.”

“எனக்கு இங்கிலீஷ் வராதே, அத்தான்.”

“அப்ப கத்துக்கோ.”

அப்பா நேர்மையானவர். அந்த நேர்மையின் செலவை வீட்டில் மற்றவர்கள்தான் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டோம். ஃபோர்மேன் ஒரு பட்டாணியர், மாமா அவரோடு இந்தியில் சமாளிப்பார். அவரும் லீவு விஷயம் தன் கையில் இல்லை பாய், இன்ஜினியரிடம் நேரில் கேள் என்று கையை விரித்துவிட்டார். வெள்ளைக்கார இன்ஜினியருக்கு இந்தி தெரியாது. மாமாவின் பார்வை என்மேல் விழுந்தது.

“மாப்ளே, நீதான் எனக்கு வக்கீலு.”

அன்று முழுவதும் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். சாயங்காலம்தான் ஒரு விஷயம் உறைத்தது. லீவு கிடைத்தால் மாமா வெள்ளிக்கிழமை விமானத்தில் போய்விடுவார். இன்னும் இரண்டு வாரம் நான் இந்த மூட்டத்தில் அம்மாவோடு தாயம் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். மண் காய்கிற அன்று ரோலரை வேறு யாராவது ஓட்டுவார்கள். பசுக்களுக்குப் பெயர் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

மறுநாள் காலை மாமா இருந்ததிலேயே வெளுப்பான சட்டையைப் போட்டு, தலையில் எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்தார். இன்ஜினியர் தம் கேரவன் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். சிவந்த பெரிய மனிதர். என்னைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினார்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னேன். இவர் என் மாமா, ரோலர் ஓட்டுகிறவர், மழையில் ரோலருக்கு வேலை இல்லை என்று சொல்கிறார். இன்ஜினியர் தலையாட்டினார். பிறகு, நாங்கள் கேட்க வந்ததை அவரே கேட்டார். அப்படியானால் இவருக்கு இப்போது ஊருக்குப் போய்வர விருப்பமா? வெள்ளிக்கிழமை விமானத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறதே.

அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. மாமா என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்லை சார், அவருக்கு இங்கேயே இருக்கத்தான் பிடித்திருக்கிறது, சாலை முடியும்வரை எங்கேயும் போகமாட்டார் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

இன்ஜினியர் வாய்விட்டுச் சிரித்தார். எழுந்து வந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதுகில் தட்டினார். உள்ளே போய், பழம் படம் போட்ட அன்னாசிப்பழ டின் ஒன்றை எடுத்துவந்து மாமாவின் கையில் வைத்தார்.

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. “கெடைச்சிருச்சா?”

“இப்போ லீவு இல்லியாம் மாமா, மழை முடிஞ்சதும் பாக்கலாமாம்.”

மாமா இன்ஜினியருக்கு ஒரு கும்பிடு போட்டார். ரோலர் பக்கத்தில் வந்ததும் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இல்லங்கிறதக்கூட எவ்வளவு மரியாதயா சொல்றான் பாத்தியா? கை குடுத்து, தட்டிக் குடுத்து, கையில ஒண்ணையும் குடுத்து அனுப்புறான். நம்ம ஊரு கிளார்க்கா இருந்தா நாய வெரட்டுற மாதிரி வெரட்டியிருப்பான்.”

ஸ்க்ரூடிரைவரால் டின்னைக் குத்தித் திறந்தார். பழ வில்லைகளை எல்லாம் எனக்கே கொடுத்தார். கடைசியில் மிஞ்சிய பாகை மட்டும் அவர் குடித்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான பழத்தை நான் தின்றதில்லை. உறுத்தல் ஏதாவது இருந்ததா என்று இந்த வயதில் எத்தனையோ தடவை தேடிப் பார்த்துவிட்டேன். இருந்ததாக எழுதிக்கொள்ள ஆசைதான். இல்லை.

அன்று சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம், “உன் தம்பிய இன்ஜினியர் ரொம்பப் புகழ்றார். இவன மாதிரி பத்துப் பேர் போதும்ங்கிறார்” என்றார். நான் அவசரமாகச் சோற்றை வாய் நிறைய அடைத்துக்கொண்டேன். அதற்குமேல் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் மச்சானைப் பற்றி விசாரித்து அறியக்கூடியவர் இல்லை, அதுவும் நேர்மைக்கு விரோதம். அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்து, மெதுவாகச் சாப்பிடு என்றாள்.

மாமா ஊருக்குக் கடிதம் போட்டார், லீவு இல்லை, நாலு மாதம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று. அதன் பிறகு வந்த இரண்டு வாரங்கள்தான் என் சிறுவயதின் மிக நல்ல நாட்கள். புல் என் இடுப்புவரை வளர்ந்தது. கணக்கு வாத்தியார் கன்று ஈன்றது, அதற்கு மாமா என் பெயரை வைத்தார். ஒரு நாள் சட்டென்று மூட்டம் விலகி, மலை முழுக்கப் பச்சையாகவும் கீழே எட்டத்தில் கடல் நீலமாகவும் தெரிந்தபோது, ஆட்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள்.

அம்மாவும் நானும் சலாலா வீட்டுக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் பதில் வந்தது. மாமா ரோலருக்குப் பக்கத்தில் நின்றே படித்தார். என்ன மாமா என்றேன்.

“ஒண்ணுமில்ல மாப்ளே. சிங்கப்பூராம்.”

அன்று வெயில் அடித்தது. ரோலரின் தார்ப்பாயை இழுத்துப் போட்டு என்னை மடியில் உட்காரவைத்து ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தார். இருநூறு அடி தூரம் ஓட்டினேன். ஜல்லி நொறுங்குகிற சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. திரும்பி வரும்போது மாமா, எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடு, இனிமேல் இன்ஜினியர்கிட்ட நானே பேசணும் என்றார். நான் மிகவும் பெருமையோடு சொல்லிக்கொடுத்தேன். “சார், ஐ வாண்ட் லீவ்.” அவர் அதை இஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கத்திச் சொன்னார். நான் உச்சரிப்பைத் திருத்தினேன்.

பின்னால் மாமாவுக்கு வேறு பெண் அமைந்தது. அத்தை நல்லவர். இரண்டு மகள்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில் எழுந்த சிரிப்புச் சத்தம் தெருக்கோடிவரை கேட்கும். அந்த அத்தை இல்லாத மாமாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எல்லாம் நல்லதற்கே என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கிடைத்திருப்பது இதுதான். பல வருஷம் சொல்லிக்கொண்டும் இருந்தேன். ஆனால் அத்தை வந்தது என் தயவால் அல்ல. ரைஸ் மில் வாசலில் மூன்று தடவை நின்ற ஒரு மனிதரிடமிருந்து அவருடைய கேள்வியையும் அதற்குக் கிடைத்த பதிலையும் நான் எடுத்துக்கொண்டேன். போன வருஷம் மாமா இறந்தபோது அவர் காலடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் வாய் வரவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அந்த விடுமுறைக்குப் பிறகு நாலைந்து மாதம் கழித்து, ஊருக்கு விமானம் ஏறுவதற்காக மாமா மலையிலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார். லீவைத் தானே இங்கிலீஷில் பேசி வாங்கியதாக அம்மாவிடம் சொன்னார். இன்ஜினியர் உட்காரவைத்து டீ கொடுத்தாராம். போன மழைக்கு ஊருக்குப் போகச் சொன்னபோது நீ மாட்டேன் என்றுவிட்டாயே, இப்போது மட்டும் ஏன் கேட்கிறாய் என்று கேலி செய்தாராம்.

“அவரு அப்பிடியா சொன்னாரு? உனக்குச் சரியா வெளங்கிருக்காது” என்றாள் அம்மா.

“இருக்கும்க்கா. நம்ம இங்கிலீஷ் அவ்வளவுதானே” என்றார் மாமா.

நான் கதவோரமாக நின்றிருந்தேன். மாமா என்னைக் கூப்பிட்டார். பையைத் திறந்து, பழம் படம் போட்ட அன்னாசிப்பழ டின் ஒன்றை எடுத்து என் இரண்டு கைகளிலும் வைத்தார். வைத்துவிட்டு, என் தலையில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார்.

எனக்குப் பிடித்ததை மாமா எப்படி மறக்காமல் வைத்திருக்கிறார் பார் என்று, அவர் போனதும் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.